நூற்று இருபத்தைந்து டிகிரி

மார்கழி பிறந்த இரண்டாம் நாள், மதுரையில் நான் படித்த பயிற்சி நிலையத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படிவம் வந்தது. அதில் இரண்டே கேள்விகள். இந்த ஆண்டு உங்கள் தொழிலில் அடைந்த வளர்ச்சி என்ன? அடுத்த ஆண்டுக்கான திட்டம் என்ன? ஒவ்வொன்றுக்கும் பத்து வரி இடம் விட்டிருந்தார்கள். முதல் கேள்விக்குப் பத்து வரி எப்படிப் போதும் என்று அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. அச்செடுத்து மேசையில் வைத்தேன். மூன்று வாரமாகிறது. இப்போது அந்தத் தாளைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. குழுவில் மற்றவர்கள் வரிசையாக அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி இரண்டாவது கிளை திறந்தாளாம், இன்னொருவர் லேசர் மெஷின் வாங்கினாராம். எல்லாருக்கும் கைதட்டுகிற பொம்மையைப் போட்டுவிட்டு நான் சும்மா இருக்கிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். சங்கரன்கோவிலில் ராஜபாளையம் சாலையில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் என் கிளினிக். மூட்டுவலிக்காரர்கள் பதினெட்டுப் படி ஏறித்தான் என்னிடம் வர வேண்டும். இதைப் பற்றி யாரும் என்னிடம் பேச வேண்டாம். கீழே இடம் கிடைக்கவில்லை. திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் எட்டு வருஷம் சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு, சொந்த ஊரில் சொந்தமாக ஒன்று நடத்த வேண்டும் என்ற வீம்பில் போன தை மாதம் இதைத் திறந்தேன். ஓர் அறை, நடுவில் பச்சைத் திரை, இரண்டு கட்டில், ஓடாத சைக்கிள் ஒன்று, தசைக்கு மின்சாரம் வைக்கிற மெஷின் ஒன்று.

அந்த மெஷின்தான் என் பெயரைக் கெடுத்தது. இந்த ஊரில் நான் கரண்ட் டாக்டர். நாலரை வருஷம் படித்தேன், உடம்பில் எந்தத் தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் படியேறி வருகிறவர்கள் கேட்பதெல்லாம் எத்தனை நாள் கரண்ட் வைக்க வேண்டும் என்பதுதான். உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தால் முகம் சுருங்கிவிடும். காசு கொடுத்துவிட்டு வேலையும் நாமே செய்ய வேண்டுமா என்று நினைக்கிறார்கள். கடையநல்லூரிலிருந்து ஒருவர் வந்தார். வளைகுடாவில் டிரைவர், லீவில் வந்தவர், இடுப்புவலி. லீவு முடிந்து திரும்பிப் போவதற்குள் இரண்டு வருஷத்துக்குப் போதுமான கரண்டை ஏற்றி அனுப்பிவிடுங்கள் என்றார், போனுக்குச் சார்ஜ் போடச் சொல்வதுபோல. அவர் விளையாடவில்லை. நான்தான் சிரித்துத் தொலைத்துவிட்டேன். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை.

இந்தக் கரண்டிலிருந்து தப்பிக்கத்தான் மதுரைப் படிப்பில் சேர்ந்தேன். மடங்காமல் விறைத்துப்போன மூட்டைக் கையாலேயே எப்படி மடக்குவது என்பதற்கென்றே ஒரு படிப்பு. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் எழுந்து ரயில் பிடித்து, வகுப்பு முடிந்து, மாலை ரயிலில் திரும்பி, திங்கட்கிழமை காலையில் மறுபடியும் பதினெட்டுப் படி. களைப்பு களைப்புதான். ஆனாலும் அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். கை புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்கிறபோது வருகிற சந்தோஷம் அது, எட்டு வருஷமாக எனக்குக் கிடைக்காதது.

படிப்பு தொடங்கிய அதே சமயத்தில்தான் அந்தத் தறிக்காரர் வந்தார். நாற்பத்தாறு வயது இருக்கும். ஒல்லியான ஆள், வெள்ளைச் சட்டை, அதில் எப்போதும் இரண்டு மூன்று நூல் இழை ஒட்டியிருக்கும். கரிவலம்வந்தநல்லூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வரும்போது நாய் குறுக்கே ஓடி, வண்டியோடு விழுந்து, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்துவிட்டது. திருநெல்வேலியில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்திருந்தார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. கால்தான் மடங்கவில்லை. நான் முதல் நாள் கோணம் அளந்தபோது முப்பத்தைந்து டிகிரி. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் கட்டையாக முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். அவருடைய மனைவி அந்தக் காலின் அடியில் தன் கைப்பையை முட்டுக்கொடுப்பார்.

அவர் ஒரு விசைத்தறிக் கூடத்தில் ஆறு தறி பார்க்கிறவர். இருபது வருஷமாக ஒரே முதலாளியிடம். அந்த முதலாளி ஒரு கெடு வைத்திருந்தார். ஆடி மாதம் எங்கள் கோயிலில் நடக்கிற தபசுத் திருவிழாவுக்கு எல்லாத் தறிக்கூடமும் சில நாள் லீவு விடும். லீவு முடிந்து தறி ஓடுகிற அன்றைக்கு ஆள் வந்து நிற்க வேண்டும். அதுவரைக்கும் அந்த ஆறு தறியையும் மற்ற ஆட்களை வைத்துச் சமாளித்துக்கொள்வார். அதற்கு மேல் முடியாது, வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். கெட்ட மனுஷர் இல்லை, ஆறு மாதம் பொறுப்பதே பெரிய விஷயம் என்று மனைவியே சொன்னார். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஆறு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. முடியும் என்று சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அந்த ஆறு மாதமும் எனக்கும் அவருக்கும் தினம் சண்டை. வந்ததும் கட்டிலில் படுத்துக்கொண்டு, கரண்ட் வைங்க டாக்டரம்மா என்பார். வீட்டில் பயிற்சி செய்தீர்களா என்று கேட்டால், செஞ்சேன் செஞ்சேன் என்று கூரையைப் பார்ப்பார். மனைவி பச்சைத் திரைக்குப் பின்னாலிருந்து, ஒரு நாளும் செய்யவில்லை, டிவிதான் பார்க்கிறார் என்று போட்டுக்கொடுப்பார். ஆபரேஷன் தழும்பின் மேல் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டு வருவார். அது மெஷினின் ரப்பர் பட்டையில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு நாளும் அதைத் துடைப்பது என் வேலை. அம்மனுக்கும் எனக்கும் சேர்த்து ஒரே காலில் இடம் இல்லை அண்ணாச்சி, யாராவது ஒருத்தர்தான் பார்க்க முடியும் என்று ஒருநாள் கத்திவிட்டேன். அவர் அமைதியாக, ரெண்டு பேரும் பாத்தா சீக்கிரம் சரியாயிரும்லா என்றார்.

கடைசியில் நான் ஒரு தந்திரம் செய்தேன். முதலில் கை வைத்தியம், பிறகு பயிற்சி, இரண்டும் முடிந்தால்தான் கரண்ட். மிட்டாய் கொடுத்து மருந்து புகட்டுவதுபோலத்தான். அது வேலை செய்தது. மதுரையில் ஞாயிற்றுக்கிழமை கற்றதைத் திங்கட்கிழமை அவர் காலில் செய்து பார்ப்பேன். முழங்கால் சில்லைப் பிடித்து நகர்த்துவது, தொடைத் தசையை இளக்குவது, குப்புறப் படுக்கவைத்துக் குதிகாலை மெதுவாக மேலே கொண்டுவருவது. வலி தாங்காமல் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு அவர் முனகுவார். வைகிற வழக்கம் அவருக்கு இல்லை. மாசிக் கடைசியில் அறுபது டிகிரி. பங்குனியில் தொண்ணூறு. தொண்ணூறு வந்த அன்று நாற்காலியில் மற்ற மனுஷர்களைப்போல உட்கார்ந்துகாட்டினார். அவர் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார்.

ஆனி முடிவதற்குள் நூற்று இருபத்தைந்து. குதிகால் தொடையைத் தொட நாலு விரல்தான் பாக்கி. படி ஏறினார், இறங்கினார், தரையில் சம்மணம் போட்டார். நான் அதையெல்லாம் போனில் படம் பிடித்துத் தேதி போட்டு வரிசையாகச் சேர்த்துவைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஆக நல்ல வேலை இது என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்து ஆடி வந்தது. கோயிலில் கொடி ஏறப்போகிற வாரம். எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒற்றைக்காலில் தவம் நின்றவள் எங்கள் கோமதி அம்மன். அந்த நாட்களில் நேர்ந்துகொண்டவர்கள் கோயில் பிரகாரத்தைச் சுற்றுவார்கள். ஆடிச்சுற்று என்று அதற்குப் பெயர். நூற்றெட்டு, சிலர் அதற்கும் மேலே. சின்னப் பெண்கள் முதல் வயதானவர்கள் வரை வெறுங்காலோடு, கல் தரையில், எண்ணிக்கை தப்பாமலிருக்கக் கையில் எதையாவது வைத்துக்கொண்டு வேகு வேகென்று நடப்பார்கள். ஆடிமாதம் எனக்கு நோயாளிகள் குறைவு. ஆவணியில் கூட்டம் தாங்காது. ஏன் என்று புரியும்.

அவர் வந்து, நானும் நூற்றெட்டு நேர்ந்திருக்கிறேன், ஒரே நாளில் சுற்றி முடிக்கப் போகிறேன் என்றார். எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? ஆறு மாதம் என் கட்டைவிரல் தேய்ந்திருக்கிறது. உள்ளே இரும்பு வைத்த கால். அதைக் கொண்டுபோய் ஒரே நாளில் அத்தனை தூரம் கல் தரையில் அடித்துவிட்டு, வீங்கி, விறைத்து, மறுபடி என் கட்டிலில் வந்து விழப்போகிறார், தபசு முடிந்து தறிக்கு எப்படிப் போவார். இதையெல்லாம் நிறுத்தாமல் சொன்னேன். அடுத்த கட்டிலில் இருந்த அம்மா திரையை விலக்கி எட்டிப் பார்த்தார்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "நூத்தியெட்டையும் நிக்காம நடந்துட்டேம்னா எனக்கு ஒரு தைரியம் வந்துரும் டாக்டரம்மா. அதுக்கப்புறம் தறிக்குப் போயிருவேன்."

தைரியத்தை வைத்துக்கொண்டு மூட்டு வேலை செய்யாது என்றேன். அவர் விடுவதாக இல்லை. வேண்டுமானால் மெதுவாக நடக்கிறேன், நாலு நாளாகப் பிரித்து நடக்கிறேன், நீங்களே சொல்லுங்கள் எத்தனை நடக்கலாம் என்றுகூடக் கேட்டார். ஒன்றுகூடக் கூடாது என்றேன். இன்றைக்கு அதை நினைத்தால் என்மேலேயே ஆத்திரமாக வருகிறது. எத்தனை நடக்கலாம் என்று ஒரு நோயாளி வாயைத் திறந்து கேட்கிறார். அதற்குப் பதில் சொல்லத்தான் எனக்கு நாலரை வருஷம் படிப்பு. நான் கணக்குப் போட்டிருக்க வேண்டும். முதல் நாள் பத்து, மூன்றாம் நாள் பதினைந்து என்று ஆரம்பித்திருக்க வேண்டும். வாயில் வந்ததோ வேறு. மனைவியை உள்ளே கூப்பிட்டு, அவர் முன்னால் சத்தியம் வாங்கினேன். அதுவும் யார்மேல்? அந்த அம்மன்மேலேயே. சுற்ற மாட்டேன் என்று கோமதி அம்மன்மேல் சத்தியம் செய்யுங்கள் என்றேன். செய்துவிட்டார். எனக்கு மரியாதை கொடுத்துச் செய்தார். நேர்ந்ததற்குப் பதிலாக மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து சாமி படத்துக்கு அடியில் வைத்துவிட்டதாகப் பிறகு மனைவி சொன்னார்.

தபசு முடிந்தது. லீவு முடிந்து தறி ஓடுகிற நாள் காலையில் மனைவி போன் செய்து, வேலைக்குப் போய்விட்டார் என்று சொன்னார். நான் அன்றைக்குப் பக்கத்து இனிப்புக்கடையில் அல்வா வாங்கி மருந்துக்கடைப் பையன்களுக்கெல்லாம் கொடுத்தேன். அதன்பிறகு அவர் வரவில்லை. வராததை நான் நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டேன். என் தொழிலில் குணமானவர்கள் திரும்பி வருவதில்லை. குணமாகாதவர்களும் திரும்பி வருவதில்லை என்பது எனக்கு அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

ஐப்பசியில் மதுரையில் படிப்பு முடிகிற நாள். ஒவ்வொருவரும் ஒரு நோயாளியைப் பற்றிப் பேச வேண்டும். நான் அவருடைய காலைத் திரையில் போட்டேன். முப்பத்தைந்து, அறுபது, தொண்ணூறு, நூற்று இருபத்தைந்து. கடைசிப் படத்தில் கைதட்டினார்கள். எங்களுக்குப் பாடம் நடத்தியவர் எழுந்துவந்து கைகொடுத்தார். கூட்டத்தில் ஒருவர், அவர் இப்போது வேலைக்குப் போகிறாரா என்று கேட்டார். போகிறார் என்றேன். எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன். திரும்பி வருகிற ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அடுத்த வருஷம் கீழ்த்தளத்தில் ஒரு பெரிய இடம் பிடிப்பது, வாசலில் மடங்கிய காலின் படத்தோடு பலகை வைப்பது என்றெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

இந்த லட்சணத்தில்தான் மார்கழியில் அந்தப் படிவம் வந்தது. முதல் கேள்விக்கு அவரைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். தறிக்கு முன்னால் அவர் நிற்கிற படம் ஒன்று சேர்த்தால் எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது. மனைவிக்குப் போன் செய்து, ஒரு போட்டோ எடுக்க வேண்டும், கூடத்துக்கு வரலாமா என்று கேட்டேன். வாங்க, இருப்பாரு என்றார்.

இந்த ஊரில் பிறந்து தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பரீட்சைக்குப் படித்தவள் நான். அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு விசைத்தறிக் கூடத்துக்குள் கால் வைத்தேன். பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. இரண்டு வரிசையாகத் தறிகள், நடுவில் ஒற்றையடிப் பாதைபோலச் சிமெண்டுத் தரை. அவரைத் தேடினேன். அவர் இல்லை. வடநாட்டுப் பையன் ஒருவன் ஆறு தறிக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தான். நான் வாசலில் நின்று அவன் காலையே பார்த்தேன். தொழில் புத்தி, வேறென்ன. இழை அறுந்த தறிக்கு ஓடுவான், நிற்பான், இழையை முடிச்சுப் போடுவான். அதற்குள் இன்னொரு தறியில், குறுக்கிழையை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடாவுக்குள் இருக்கிற தார்க்குச்சியில் நூல் தீர்ந்திருக்கும். அங்கே போய்க் குச்சியை மாற்றுவான். உடனே மூன்றாவது தறி. சுற்றிச் சுற்றி வந்தான். கால்மணி நேரத்தில் அவன் ஒருமுறைகூட உட்காரவில்லை. முழங்காலை முழுதாக ஒருமுறைகூட மடக்கவில்லை. அந்த வேலைக்கு அறுபது எழுபது டிகிரி போதும். பன்னிரண்டு மணி நேரம் சிமெண்டுத் தரையில் நடக்கத் தெம்புதான் வேண்டும்.

என் கிளினிக்கில் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை உண்டு. அவருடைய அட்டையில் தொழில் என்ற இடத்தில் நானே என் கையால் 'தறி' என்று எழுதியிருக்கிறேன். ஒற்றைச் சொல். அங்கே உங்கள் கால் என்ன செய்யும் அண்ணாச்சி என்று ஆறு மாதத்தில் ஒருநாள்கூடக் கேட்கவில்லை. மதுரையில் மடக்கக் கற்றுக்கொடுத்தார்கள், நான் மடக்கினேன். அவரும் மடங்கவில்லை என்றுதான் வந்தார், மடங்கியதும் சந்தோஷப்பட்டார். ஆனால் வேலைக்குப் போகிற நாள் நெருங்கியதும் அவர் உடம்புக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நிற்காமல் சுற்ற முடியுமா என்று சோதித்துப் பார்க்க இந்த ஊரில் அவருக்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அதைத்தான் நான் சத்தியம் வாங்கி அடைத்தேன்.

முதலாளி வெளியே வந்தார். அவர் சொன்னது இவ்வளவுதான்: தபசு கழிந்து முதல் நாள் மூன்று மணி நேரம் நின்றார், அதற்குமேல் நடக்க முடியாமல் தறியைப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவர் பார்க்காமல் விட்ட தறியில் முழத்துக்கு முழம் இழை விட்டுப்போய்ச் சேலை வீணாகிவிட்டது. ஒரு வாரம் பார்த்தேன்மா, மற்ற ஆட்களும் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள், எனக்கும் வழியில்லை என்றார். மூன்று மாதம் நடக்கப் பழக்கி அனுப்பினால் தறியைத் திரும்பக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பையன் குடும்பத்தோடு வந்துவிட்டான் என்று சொல்லிவிட்டு, ஆள் பின்னால் இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்றார்.

பின்பக்கத்து ஓட்டுக் கொட்டகையில் நாலைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சிகளில் நூலைச் சுற்றுகிற வேலை. மோட்டார் வைத்த ராட்டைக்கு முன்னால் நாள் முழுக்கக் குத்துக்காலிட்டோ சம்மணமிட்டோ உட்கார்ந்திருக்க வேண்டும். கூலி தறிக்காரர்களுடையதில் பாதிகூட இராது. அந்த வரிசையின் கடைசியில் அவர் இருந்தார். அவர் மனைவியும் பக்கத்தில் இருந்தார். இருவருமாக வேலைக்குப் போனால்தான் வீடு ஓடுகிறது என்று மனைவி சொன்னதிலிருந்து புரிந்துகொண்டேன்.

மனைவி என்னைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டுபோய் மெதுவாகச் சொன்னார்: "நேந்ததச் செய்யாம விட்டா அவ சும்மா இருப்பாளா? ஒங்களக் குத்தம் சொல்லல டாக்டரம்மா. எங்க நேரம் அப்பிடி."

சாமி குற்றம் இல்லை அக்கா, என் குற்றம் என்று சொன்னேன். அவருக்கு அது விளங்கவில்லை. நான் பெருந்தன்மையாக ஏதோ சொல்வதாக நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். உதறிவிட்டு ஓடலாம்போல இருந்தது. இன்னும் கொஞ்சம் விளக்கப் பார்த்தேன். நடந்திருந்தால் கால் பழகியிருக்கும், பத்துப் பத்தாக நான் நடக்கவிட்டிருக்க வேண்டும் என்றேன். அவர், நடந்திருந்தா அவ பாத்திருப்பா என்று தலையாட்டினார். ஒரே விஷயத்தைத்தான் இரண்டு பேரும் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனாலும் என்னால் மன்னிப்புக்கூட ஒழுங்காகக் கேட்க முடியவில்லை.

அடுத்த வருஷத்துக்கு எனக்கு இப்போது ஒரு திட்டம் இருக்கிறதுதான். அட்டையில் தொழில் என்று போட்டு ஒரு சொல் எழுதுவதை நிறுத்திவிட்டேன். தறியா, பூச்சந்தையா, பஸ்ஸா, எதுவாக இருந்தாலும் வேலை நடக்கிற இடத்துக்கே போய் அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் கை வைப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை மூன்று பேருடைய இடத்துக்குப் போய்விட்டேன். ஆடிக்கு முன்னால், யார் எத்தனை சுற்று சுற்றலாம் என்று எழுதித் தருவதாகவும் இருக்கிறேன். நல்ல திட்டம். பத்து வரியில் எழுதினால் மதுரையில் கைதட்டுவார்கள். அது யாருக்குக் காலம் கடந்து வந்ததோ அவர் அன்றைக்கு என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

அவர் பக்கத்தில் போய் நானும் தரையில் உட்கார்ந்தேன். நாளையிலிருந்து வாருங்கள் அண்ணாச்சி, காசு வேண்டாம், காலையில் ஒரு மணி நேரம், நடக்கவும் நிற்கவும் பழக்குகிறேன், தை, மாசி, பங்குனிக்குள் பழையபடி ஆக்கிவிடலாம் என்றேன். அவர் ராட்டையை நிறுத்தினார். என்னை நோகடிக்கக் கூடாது என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"தறி இல்லாம நடந்து என்ன செய்ய டாக்டரம்மா" என்றார்.

அவருக்கு என்னைப் பார்க்கச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். வலது காலைப் பின்னால் இழுத்துக் குதிகாலைத் தொடையோடு ஒட்டிக் காட்டினார். அந்த நாலு விரல் இடைவெளிகூட இப்போது இல்லை. பக்கத்திலிருந்த பெண்களைக் கூப்பிட்டு, கட்டைபோலக் கிடந்த காலை இவ்வளவு தூரம் மடக்கிக் கொடுத்தது இவங்கதான், இல்லையென்றால் இந்த வேலைக்குக்கூட உட்கார முடியாமல் வீட்டோடு கிடந்திருப்பேன் என்று சொன்னார். அவர்கள் எல்லாரும் ராட்டையை நிறுத்திவிட்டு என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். அவர் சட்டையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டு, முதுகை நிமிர்த்தி, மடக்கிய கால் நன்றாகத் தெரிகிறமாதிரி என் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"போட்டோ எடுக்கணும்னு சொன்னீங்களாமே" என்றார். "எடுத்துக்கிடுங்க."

எடுத்தேன்.